உறுத்தல்

என் மனைவி ஒரு பூஞ்சையின் காலை முடக்கியவள். பூஞ்சைக்கு ஏது கால் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். நானும் அந்தக் காலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவள் பெயர் செண்பகவல்லி. திருநெல்வேலியில் ஓர் ஆய்வகத்தில் புரதங்களைப் படம் பிடிப்பது அவள் வேலை. நான் முத்துமாலை. ஆத்தூருக்குப் பக்கத்தில், தாமிரபரணி கடலில் போய் விழுவதற்குச் சற்று முன்னால், வாழை போட்டிருப்பவன். வாழை விவசாயிகள் சங்கத் தலைவர் என்ற பட்டமும் அப்போது இருந்தது. அதனால் எனக்குக் கிடைத்ததெல்லாம் மேடையில் ஒரு நாற்காலியும் ஊராருடைய ஏச்சும்தான். பெண்டாட்டியைப் பற்றிப் பெருமையடிக்கிற ஆண்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. அந்தக் குறையை முத்துமாலை ஒருத்தனே தீர்த்துவைக்கிறான் என்று கேலி பேசுவார்கள். பேசட்டும், பொய்யொன்றும் இல்லையே.

இரண்டாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் வாடல் நோய் எங்கள் ஆற்றங்கரைக்கு வந்தது. அது மண்ணில் கிடக்கும் ஒரு பூஞ்சை. வேர் வழியாக ஏறி, தண்டுக்குள் தண்ணீர் போகிற குழாய்களை அடைத்துவிடும். அடி இலை மஞ்சளாகும், பிறகு மடியும், பிறகு மரமே நின்ற இடத்தில் காய்ந்து போகும். ஒரு மருந்துக்கு ஓர் ஆண்டு பயப்படும், அடுத்த ஆண்டு அதையே குடித்துவிட்டு வளரும். தேனி போயிற்று, திருச்சி போயிற்று. கல்யாண வீட்டு வாசலில் காற்றடைத்த பிளாஸ்டிக் வாழை கட்டினார்கள். வேம்பாரில் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்து அதில் ஒன்று காற்றுப் போய், மாப்பிள்ளையின் தாய்மாமன் மேல் சாய்ந்தது. இலை என்று பச்சைத் தாளை விரித்தார்கள். ரசம் வருவதற்குள் அது ஊறிக் கிழிந்து, சாம்பார் பாயில் ஓடியது. ஏரல் சந்தையில் ஒரு சீப்புக் கதலியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்றதை என் கண்ணால் பார்த்தேன், பார்த்துவிட்டு வாங்காமல் வந்தேன்.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது செண்பகம் ஒரு படத்தைக் காட்டினாள். சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று. உற்றுப் பார்த்தால் இரண்டு கால், மேலே ஒரு மூட்டை. சந்தையில் வாழைத்தார் சுமக்கிறவர் மாதிரியே இருந்தது.

“இவன்தான் சுமைக்காரன்,” என்றாள். “பூஞ்சைன்னா என்ன, ஒரு நூலு. நுனியில மட்டும்தான் வளரும். வளர வேண்டிய சரக்கெல்லாம் பின்னால இருந்து நுனிக்குப் போகணும். நூலுக்குள்ள தண்டவாளம் மாதிரி ஒண்ணு ஓடுது. அதுமேல இவன் ரெண்டு காலையும் மாத்தி மாத்தி வச்சு நடக்கான். இவன் நின்னுட்டான்னா பூஞ்சையும் நின்னுரும்.”

அப்படியானால் காலை வெட்டிவிட வேண்டியதுதானே என்றேன். அப்போதுதான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு தலைமயிரின் தடிமனுக்குள் இந்த ஆட்களை ஆயிரக்கணக்கில் வரிசையாக நிறுத்தலாம், அரிவாளை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டாள். அந்தப் புரதத்தை உறைய வைத்து, லட்சக்கணக்கில் படமெடுத்து, எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க அவளுக்குப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பார்த்ததில் ஒன்று கிடைத்தது. காலும் இடுப்பும் சேருகிற இடத்தில் ஒரு சின்னக் குழி. அதற்கு அளவெடுத்தாற்போல ஒரு மூலக்கூறைச் செய்து செருகினால், காலைத் தூக்கியவன் தூக்கியபடியே நிற்பான்.

“அப்ப ஆப்பு வைக்கணும்னு சொல்லுத,” என்றேன்.

“ஆமா, ஆப்புதான்,” என்று சிரித்தாள். ஆய்வகத்தில் அதற்கு எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஒரு பெயர் உண்டு. எங்கள் ஊரில் கடைசிவரை அது ஆப்புதான்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்தச் சுமைக்காரன் நம் உடம்பிலும் உண்டா என்று கேட்டேன். சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கேள்வி பிடித்திருந்தால் அப்படிப் பார்ப்பாள்.

“உண்டு. உங்க முதுகுல இருந்து கால் பெருவிரல் வரைக்கும் ஒரே நரம்பு போகுது. அவ்வளவு தூரமும் இவனுக்குச் சொந்தக்காரன் ஒருத்தன் மூட்டை தூக்கிட்டு நடக்கான். ஆனா நம்ம ஆளுக்கு இடுப்புல அந்தக் குழி கிடையாது. பூஞ்சைக்கு மட்டும்தான் இருக்கு. அதனாலதான் நான் இதப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குதேன்.”

ஆப்பு வந்தது. எலிக்கும் முயலுக்கும் மீனுக்கும் கொடுத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு, சோதனைக்காக முதலில் எங்கள் தோட்டத்திலும் பக்கத்தில் உள்ளவர்களுடைய தோட்டங்களிலும் ஊற்றினோம். இலையில் தெளிக்கிற மருந்தாக இருந்தால் டிரோன் போதும். இதை வாய்க்கால் தண்ணீரில் கலந்து ஒவ்வொரு வாழை மூட்டிலும், அதாவது அடித்தண்டில், விட வேண்டும், ஆள்தான் இறங்க வேண்டும். செண்பகம் முகமூடி கொடுத்தாள், கையுறை கொடுத்தாள், முழங்கால்வரை பூட்ஸ் கொடுத்தாள். எங்கள் வண்டல் சேற்றில் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஓர் அடி எடுத்துவைத்தால் கால் மட்டும் வெளியே வரும், பூட்ஸ் அங்கேயே நிற்கும். எல்லோரும் பூட்ஸை வேலிக்கம்பில் கவிழ்த்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினோம். முகமூடி மட்டும் ஒழுங்காகப் போட்டிருந்தோம்.

மடிந்த இலைகளுக்கு நடுவே புதுக்குருத்து வந்த அன்றைக்கு எசக்கியப்பன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். பக்கத்துத் தோட்டக்காரர், என்னைவிட மூத்தவர், தம்பி செத்ததற்குக்கூட அழாத மனிதர். அடுத்த வருடம் ஆற்றின் இரண்டு கரையிலும் ஊற்றித் தார் வெட்டினோம். நான் கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன், என் பெண்டாட்டி செய்த மருந்து என்று.

ஊற்றிய எங்களைச் சோதிக்க டாக்டர்களும் வந்து போனார்கள். ‘பாதங்களில் உணர்விழப்பு ஏதும் உண்டா?’ என்று ஒருவர் அச்சடித்த தமிழில் கேட்டார். அப்படி ஒன்றை எங்கள் ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. எல்லோரும் இல்லை என்றோம். கால் மரத்துப் போகிறதா என்று கேட்டிருந்தாலும் உடனே உண்மை வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. மரத்துப் போகிறது என்றால் சர்க்கரை வந்துவிட்டது என்று அர்த்தம், வீட்டில் மறுநாளே காப்பியில் சீனி நின்றுவிடும். சேற்றில் நிற்கிறவனுக்குக் கால் கொஞ்சம் மந்தமாக இருப்பது இயல்புதான் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நான் எதையும் நினைக்கவே இல்லை.

மருந்தை மாநிலம் முழுக்கக் கொண்டுபோக ஒரு கம்பெனி முன்வந்தது. அதன் தொடக்க விழாவை எங்கள் சங்கக் கட்டடத்தில் வைத்தோம். ஜமுக்காளம் விரித்து, குத்துவிளக்கு வைத்து, அதன் இரண்டு பக்கமும் நிஜமான வாழைத்தார் சாய்த்திருந்தோம். அதனால் செருப்பையெல்லாம் வாசலில் விட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கம்பெனி அதிகாரி பிரதாபன் வந்துவிட்டார். அவர் அழைத்த பெரிய மனிதர்கள் வர நேரமானதால் எல்லோரும் டீ குடிக்க எதிர்க்கடைக்குப் போனார்கள். செண்பகம் பட்டுச் சேலையில் வாசலில் நின்று வரவேற்றுக்கொண்டிருந்தாள்.

டீ குடித்துவிட்டு எசக்கியப்பன் திரும்பி வந்தார். ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறுங்கால். இன்னொரு செருப்பு நடுரோட்டில் கிடந்தது. செண்பகம் சிரித்துக்கொண்டே அதைக் காட்டினாள். அவர் குனிந்து தன் காலைப் பார்த்துவிட்டு, “அட, எப்பம் கழண்டுச்சு?” என்று ஆச்சரியப்பட்டார். அவள் சிரிப்பு அங்கேயே நின்றது. அவருக்குப் பின்னால் வந்தவர்களின் கால்களை வரிசையாகப் பார்க்கத் தொடங்கினாள். ஒருவர் காலில் அடுத்தவர் செருப்பு. ஒருவர் காலில் சின்னப் பிள்ளையின் செருப்பு, குதிகால் பாதி தரையில் கிடந்தது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை, பேசிக்கொண்டே வந்தார்கள்.

கடைசியாக நான் போனேன், தலைவர் அல்லவா. என் இடது காலில் என்னுடைய ரப்பர் செருப்பு. வலது காலில் யாரோ ஒருவருடைய தோல் செருப்பு, அதுவும் இடது காலுக்கானது.

“ஏங்க, இப்படி உக்காருங்க,” என்றாள்.

என்னைப் படியில் உட்கார வைத்து, அவளும் கீழ்ப்படியில் உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. கண்ணை மூடச் சொன்னாள், மூடினேன்.

“எந்த விரலத் தொடுதேன், சொல்லுங்க.”

காத்திருந்தேன். டீக்கடையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

“நீ இன்னும் தொடவே இல்லையே,” என்றேன்.

கண்ணைத் திறக்கச் சொன்னாள். சேலையில் குத்தியிருந்த ஊக்கு அவள் கையில் இருந்தது. என் பெருவிரலில் மூன்று இடத்தில் ரத்தம் முட்டிக்கொண்டு நின்றது. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

உள்ளே போய் ஒலிபெருக்கியை வாங்கி, விழா இல்லை, மருந்தை நிறுத்துகிறேன், இருப்பில் உள்ளதை யாரும் திறக்கக்கூடாது என்று சொன்னாள். பிரதாபன் அவளை ஓரமாக அழைத்து நயமாகத்தான் பேசினார். அனுமதி எல்லாம் வந்துவிட்டது, இத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் சர்க்கரை நோயாகக்கூட இருக்கலாம், இன்னும் ஒரு வருடம் ஊற்றிக்கொண்டே ஆராயலாம், அதற்குள் ஊர் ஊராக வாழை பிழைத்துவிடும், உங்கள் பெயரும் நிற்கும் என்றார். அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை.

“எனக்கு உறுத்துது சார்,” என்றாள்.

கூட்டம் கொந்தளித்தது. இந்தப் பருவத்தில் மருந்து நின்றால் ஆற்றங்கரையில் ஒரு வாழை மூடு மிஞ்சாது என்று எல்லோருக்கும் தெரியும். எசக்கியப்பன் எழுந்து நின்றார். கும்பிட்டபடி கேட்டார்.

“காலு போனா போகுது தாயீ. நாங்க யாரும் உங்கள ஒரு வார்த்த கேக்க மாட்டோம். வாழ நிக்கட்டும்.”

“காலோட நிக்கும்னு யாரு சொன்னா அண்ணாச்சி?” என்றாள் செண்பகம். “நீளமான நரம்புல சரக்கு போய்ச் சேருறதுதான் முதல்ல நிக்கும். அது காலு. அடுத்தது கை. அதுக்கும் அடுத்தது என்னன்னு பாக்கிறதுக்கு நான் இந்த மருந்தச் செய்யல. வாழையத் திரும்ப நட்டுக்கிடலாம்.”

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் வண்டியை அவள்தான் ஓட்டினாள். நம் தோட்டமும் போய்விடும் என்றாள். போகட்டும் என்றேன். ஆப்பு வேலை செய்தபோது எனக்கு வந்த பெருமை ஊருக்குக் காட்டுகிற பெருமை. அன்று வண்டியில் அவள் பக்கத்தில், உணர்ச்சியில்லாத இரண்டு கால்களை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நெஞ்சு அடைக்கிற அளவுக்குப் பெருமையாக இருந்தது. அதை அவளிடம் சொன்னேன். முன்னால் பார்த்து ஓட்டுகிறேன், பேச்சுக் கொடுக்காதீர்கள் என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

தோட்டம் போயிற்று. ஆற்றின் இரண்டு கரையும் போயிற்று. என்னைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கினார்கள். பெண்டாட்டி பேச்சைக் கேட்டு ஊரைக் கெடுத்தவன் என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களிடம், கேட்டதால்தான் உங்களுக்குக் கையாவது மிச்சம் இருக்கிறது என்று நானும் திருப்பிக் கொடுத்தேன். உளுந்து போட்டோம், சூரியகாந்தி போட்டோம், அடுப்பெரியும் அளவுக்கு வந்தது.

செண்பகம் ஆய்வகத்துக்குத் திரும்பப் போய்த் தவறு எங்கே என்று தேடினாள். எலிக்குக் கொடுத்தது புட்டியிலிருந்து நேராக எடுத்த மருந்து. எங்கள் காலில் பட்டதோ சித்திரை வெயிலில் வாய்க்காலில் காய்ந்து கிடந்தது. வெயிலில் ஆப்பின் நுனி ஒடிந்திருக்கிறது. மனிதச் சுமைக்காரனின் இடுப்பில் குழி இல்லைதான், ஆனால் ஒரு கீறல் இருந்தது. ஒடிந்த துண்டு அதில் பாதி நுழைந்து உட்கார்ந்துகொண்டது. உறைய வைத்து எடுத்த அந்தப் படத்தை என்னிடம் காட்டி, “இது நீங்கதான்,” என்றாள். மூட்டையோடு ஒருவன் ஒற்றைக் காலில் நின்றான். பார்க்கப் பாவமாக இருந்தது.

எங்கள் சங்க வாசலில் அன்று அவள் பார்த்ததை உலகம் முழுக்க எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட மருந்தோடு வேலை செய்கிறவர்களின் செருப்புகளைக் குவித்துவைத்து, கண்ணை மூடிக்கொண்டு காலாலேயே அவரவர் செருப்பைத் தேடச் சொல்வார்கள். ஆத்தூர்ச் சோதனை என்று பெயர். கோட்டு போட்ட வெள்ளைக்காரர்கள் அந்தரத்தில் காலை ஆட்டிச் செருப்பு தேடும் காணொளியை நான் அடிக்கடி போட்டுப் பார்ப்பேன்.

வெயிலில் ஒடியாத புது ஆப்பைச் செய்துவிட்டாள். காயவைத்து, கரையவைத்து, எல்லாச் சோதனையும் முடித்து அனுமதியும் வந்தது. அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. போட மாட்டேன் என்றாள். பிரதாபன் வந்தார், கெஞ்சினார். மாட்டவே மாட்டேன் என்றாள். என் பங்குக்கு நானும் கேட்டேன்.

“முதல்ல கெட்ட காலுல ஒண்ணுக்காவது உணர்ச்சி திரும்பட்டும்,” என்றாள். “திரும்பலைன்னா நான் என்ன செஞ்சேன்னு எனக்கே இன்னும் தெரியலைன்னு அர்த்தம்.”

கால் எப்படி இருக்கிறது என்று அவள் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். எசக்கியப்பன் அவளைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம், “எல்லாம் சரியாயிட்டு தாயீ, ஓடச் சொன்னாலும் ஓடுவேன்,” என்பார். புது மருந்து வர வேண்டும் என்பதற்காகச் சொல்கிறாரா, அவள் மனம் நோகக்கூடாது என்று சொல்கிறாரா, அவருக்கே தெரியாது. நானும் அப்படித்தான், நன்றாகிவிட்டது என்று தினமும் சொல்லிவந்தேன். ஊக்கை எடுத்தால் கண்ணை மூடியபடியே குத்துமதிப்பாக ஒரு விரலைச் சொல்லிவிடுவேன். சில நாள் சரியாகவும் இருக்கும். பிறகு அவள் ஊக்கை எடுப்பதையே விட்டுவிட்டாள்.

அந்த நாட்களில் அவளுக்கு ஒரு புதுப்பழக்கம் வந்திருந்தது. சனிக்கிழமை தோறும் வீட்டுக்குப் பின்னால் உள்ள சின்னப் பாத்தியில் வெறுங்காலோடு நின்று, வாளியில் தண்ணீர் மோந்து விட்டுக்கொண்டிருப்பாள். மன ஆறுதலுக்குச் செய்கிறாள் என்று விட்டுவிட்டேன். நடையும் ஒரு மாதிரி இருந்தது, இடது காலை நோகாமல் வைப்பாள். வயசாகிறது, முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள் என்று கேலி செய்தேன். சரி என்பாள்.

ஒரு நாள் காலையில் வாய்க்காலுக்குக் கிளம்பினேன். தெருமுனை தாண்டவில்லை, செருப்பில் ஏதோ கிடந்தது. கழற்றி உதறினேன், எதுவும் விழவில்லை. மறுபடி போட்டேன், மறுபடியும் குத்தியது. செருப்பு விற்றவனை வைதுகொண்டே வீட்டுக்குத் திரும்பினேன்.

“ஏட்டி, இந்தச் செருப்புல என்ன எழவோ உறுத்துது. பாரேன்.”

அடுக்களையிலிருந்து வந்தாள். கையில் கரண்டி இருந்தது.

“என்ன சொன்னீய?”

“உறுத்துதுங்கேன்.”

“எந்தக் காலு?”

“இடது காலுதான். பெருவிரலுக்கிட்ட.”

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை, மருந்தை நிறுத்திய அன்றுகூட. ஒன்றும் புரியாமல் ஒற்றைச் செருப்போடு நின்றேன். பிறகு அந்தச் செருப்பை வாங்கி, மேல்தோலைக் கத்தியால் லேசாகத் தூக்கிக் காட்டினாள். உள்ளே ஓர் உளுந்து இருந்தது. நசுங்க நசுங்க மாற்றிவைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். நான் தினமும் அதை மிதித்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியிருக்கிறேன், கால் நன்றாகிவிட்டது என்று அவளிடமே சொல்லிக்கொண்டு.

அப்போதுதான் எனக்கு அவள் நடை நினைவுக்கு வந்தது. வாசலில் கிடந்த அவளுடைய இடது செருப்பை எடுத்தேன். மேல்தோல் அதே இடத்தில் பிரிந்திருந்தது. அதற்குள்ளும் ஓர் உளுந்து.

“பாத்தியில என்னத்தட்டி ஊத்திக்கிட்டு இருந்த?”

“புது ஆப்பு,” என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. “வெயில்ல நல்லாக் காயவச்சு ஊத்துனேன். எனக்கு ஒரு நாளு உறுத்தாம இருந்துருந்தாலும் மருந்தத் தூக்கிப் போட்டுருப்பேன். தினமும் உறுத்திச்சு. உங்களுக்குத்தான் உறுத்துவேனாங்குது.”

அவளை ஏச வேண்டும் என்று வாய் வரை வந்தது. ஏசாமல் அவள் செருப்பில் இருந்த உளுந்தைக் கிள்ளி எறிந்தேன். கையெழுத்துப் போட அன்றே திருநெல்வேலிக்குப் புறப்பட்டாள். எசக்கியப்பனிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று நானும் புறப்பட்டேன். செருப்பை எடுத்துக் கொடுத்தாள், உளுந்தை எடுத்துவிடவா என்று கேட்டாள்.

“இருக்கட்டும்,” என்று வாங்கிப் போட்டுக்கொண்டு, தெரு முழுக்க உறுத்த உறுத்த நடந்தேன்.